செம்பும் இரும்பும்: எரிபொருளைக் கெடுக்கும் இரண்டு வழிகள்

சுத்திகரிப்பு ஆலையை விட்டுக் கிளம்பிய பெட்ரோலோ விமான எரிபொருளோ இன்ஜினில் எரிந்து முடியும்வரை உலோகத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சேமிப்புத் தொட்டி இரும்பு, நெடுந்தூரக் குழாய் இரும்பு, ரயில் வேகனும் இரும்பு. வால்வு, பித்தளை இணைப்பு, வெப்பப் பரிமாற்றி என்று ஆங்காங்கேதான் செம்பு தலைகாட்டும். எரிபொருள் தொடும் பரப்பை வைத்துப் பார்த்தால் இரும்பின் பக்கத்தில் செம்பு நிற்கவே முடியாது. ஆனாலும் எரிபொருள் நிறம் மாறியது, பிசின் கட்டியது, வடிகட்டி அடைத்தது என்று புகார் வந்தால், விவரம் தெரிந்த வேதியியலாளர் முதலில் செம்பைத்தான் தேடுவார்.

ஏன் என்று கேட்டால் ‘செம்பு வலுவான வினையூக்கி’ என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. அந்த வரி பொய்யில்லை, பாதி விடை. ஒரு உலோகம் எரிபொருளுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் எந்த வடிவில் தங்குகிறது, அதை அடக்கப் போடும் மருந்து அதைப் பிடிக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இரண்டு உலோகங்களுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும். வினையூக்கும் வலிமையைவிட இந்த மூன்றும் நடைமுறையில் பெரியவை என்பது என் கணிப்பு.

முதலில் இரண்டுக்கும் பொதுவான களத்தைப் பார்த்துவிடலாம். ஹைட்ரோகார்பன் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பிடுங்கப்பட்டால், இணை சேராத எலக்ட்ரானுடன் ஒரு தனி உறுப்பு மிஞ்சும். அது எரிபொருளில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு உடனே சேர்ந்து பெராக்சி உறுப்பு ஆகும். பெராக்சி உறுப்பு அடுத்த ஹைட்ரோகார்பனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடு ஆகும். ஹைட்ரஜனை இழந்த அந்த மூலக்கூறு இப்போது புதிய தனி உறுப்பு. இப்படிச் சங்கிலி நீள்கிறது. 1940களில் இங்கிலாந்தில் ரப்பர் ஆராய்ச்சிக்காக போலண்டும் ஜீயும் வகுத்த இந்தச் சட்டகம்தான் பெட்ரோல், டீசல், சமையல் எண்ணெய் எல்லாம் கெடுவதை இன்றும் விளக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய சரக்கு ஹைட்ரோபெராக்சைடு. அதன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வெறும் வெப்பத்தால் உடைய மோலுக்கு ஏறத்தாழ 180 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சாதாரண வெயிலில் நிற்கும் தொட்டியில் அது எளிதில் நடக்காது. எனவே ஹைட்ரோபெராக்சைடு பெரிய தொந்தரவு தராமல் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மின்னேற்ற நிலைகளுக்கு இடையே ஒரே ஒரு எலக்ட்ரான் வித்தியாசத்தில் ஏறி இறங்கக்கூடிய உலோக அயனி அங்கே வந்துவிட்டால் கதை மாறுகிறது. தாழ்நிலை அயனி ஹைட்ரோபெராக்சைடுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உடைத்து ஓர் ஆல்காக்சி உறுப்பை விடுவிக்கும். அப்போது உயர்நிலைக்குப் போன அயனி, இன்னொரு ஹைட்ரோபெராக்சைடிலிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பெராக்சி உறுப்பை விடுவித்துப் பழைய நிலைக்குத் திரும்பும். முன்பு சொன்ன ஆற்றலில் பாதிகூட இதற்குத் தேவையில்லை. உலோகம் செலவாவதும் இல்லை. துத்தநாகமும் அலுமினியமும் இந்தச் சுழற்சியில் இறங்காததற்குக் காரணம், ஏறி இறங்க அவற்றுக்கு இரண்டாவது படி இல்லை என்பதுதான்.

இந்த விஷயத்தில் வரலாற்றில் முந்திக்கொண்டது இரும்பு. 1894இல் ஹென்றி ஃபென்டன், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவதை வெளியிட்டார். அம்மோனியாத் தயாரிப்பால் புகழும் நச்சு வாயுவால் பழியும் பெற்ற ஃபிரிட்ஸ் ஹேபர், தம் இறுதிக் காலத்தில் ஜோசப் வைஸுடன் சேர்ந்து அதே இரும்பு-பெராக்சைடு வினைக்குத் தனி உறுப்புகளின் வழியாக விளக்கம் கொடுத்தார். 1934இல் அவர் இறந்த ஆண்டில்தான் அந்தக் கட்டுரை முழுமையாக வந்தது. மேலே சொன்ன ஏற்ற இறக்கச் சுழற்சிக்கு இன்றும் அவர்கள் பெயரைச் சூட்டுபவர்கள் உண்டு. ஆக, சூத்திரம் எழுதப்பட்டது இரும்பை வைத்து. எரிபொருளில் மட்டும் செம்பு ஏன் முந்துகிறது?

அட்டவணையைப் புரட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். நீரில் இரும்பின் இரண்டு நிலைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் 0.77 வோல்ட், செம்புக்கு 0.15 வோல்ட் அளவில். கோபால்ட்டுக்கோ 1.8 வோல்ட்டுக்கும் மேல். இந்த எண்களை வரிசையாக வைத்து வினையூக்கும் திறனுக்குத் தரப்பட்டியல் போடலாம் என்று தோன்றும். போடக்கூடாது. அவை தண்ணீருக்கு உரியவை. மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் உலோக அயனி தனியாக மிதப்பதில்லை. கொழுப்பமிலங்களையோ நாஃப்தீனிக் அமிலங்களையோ ஈனிகளாக, அதாவது தன்னோடு பிணையும் மூலக்கூறுகளாக, பிடித்துக்கொண்டு சோப்பாகக் கரைந்திருக்கிறது. ஈனி மாறினால் மின்னழுத்தமும் மாறும். எரிபொருளில் பயன்படும் விளக்கம் வேறு: சுழற்சியின் இரண்டு பாதிகளும் ஓடினால்தான் உலோகம் வினையூக்கி. இரும்பு முதல் பாதியை வேகமாக முடிக்கும், இரண்டாம் பாதியில் தயங்கும். விளைவாக அது மூன்று மின்னேற்ற நிலையில் குவிந்துவிடுகிறது. ஈரம் சிறிதளவு இருந்தாலும் அந்த நிலையில் உள்ள இரும்பு நீராற்பகுப்படைந்து ஹைட்ராக்சைடாகவும் ஆக்சைடாகவும் வீழ்படியத் தொடங்கும். செம்பு இரண்டு நிலைகளிலும் எண்ணெயில் கரைந்து நிற்கும். இரண்டு பாதிகளும் ஓடும்.

இங்கே ஆய்வுக்கூடத்தை விட்டுக் கப்பலுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் ஏற்றப்படும் விமான எரிபொருளின் பெயர் ஜேபி-5. கப்பலுக்குள் தீப்பிடிக்கும் அபாயத்தைக் குறைக்க, அதன் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பயணிகள் விமானங்களின் எரிபொருளுக்கு 38 டிகிரி போதும். இவ்வளவு எச்சரிக்கையாக வரையறுத்த எரிபொருளை அந்தக் கப்பல்கள் செம்பு-நிக்கல் கலவைக் குழாய்களில் ஓட்டின. முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. கடல்நீர் அரிப்பைத் தாங்குவதில் அந்தக் கலவைக்கு நல்ல பெயர். இரும்புக் குழாய் போட்டிருந்தால் துருவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கப்பல் கட்டுபவர் குழாயின் ஆயுளைப் பார்த்தார். குழாய் எரிபொருளுக்கு என்ன செய்யும் என்பது அவருடைய கணக்கில் இல்லை.

எரிபொருள் அந்தக் குழாய்களில் கிடக்கக் கிடக்கச் செம்பு கரைந்தது. கப்பல்களில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கணக்கான பிபிபி செம்பு இருந்ததை அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. எரிபொருளின் வெப்பத் தாங்குதிறன் சரிய சில பத்து பிபிபி போதும். ஒரு டேங்கர் லாரி கொள்ளும் 20,000 லிட்டர் எரிபொருளில் 50 பிபிபி செம்பு என்றால் மொத்தமாக ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு சிறு பித்தளை வால்வு உரசிக் கொடுத்துவிடக்கூடிய அளவு அது.

கரைவது எப்படி என்பதில் ஒரு சுழல் இருக்கிறது. எரிபொருளில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் உண்டு. கரைந்த ஆக்சிஜனும் ஹைட்ரோபெராக்சைடும் செம்பின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அமிலம் அதைச் சோப்பாக்கி எண்ணெய்க்குள் இழுக்கிறது. உள்ளே வந்த செம்பு ஆக்சிஜனேற்றத்தை முடுக்குகிறது. அதில் புதிய ஹைட்ரோபெராக்சைடும் புதிய அமிலமும் பிறக்கின்றன. அவை மேலும் செம்பைக் கரைக்கின்றன. தன் நுழைவாயிலைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும் மாசு இது. வடிகட்டியும் உதவாது. விமான நிலையங்களில் எரிபொருள் பல அடுக்கு வடிகட்டிகளைத் தாண்டித்தான் இறக்கைக்குள் போகிறது. அவை தூசியையும் துருவையும் தண்ணீரையும் நிறுத்தும். கரைந்த சோப்பு அவற்றின் வழியே தடையில்லாமல் போய்விடும்.

இரும்பு இதற்கு நேர் மாறாக நடந்துகொள்கிறது. அதுவும் அமிலத்தில் கரைந்து சோப்பாகும். இரும்பு நாஃப்தினேட் எண்ணெயில் கரையும் பொருள்தான். ஆனால் தொட்டியில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி சுவராகவும் துருத் துகளாகவுமே இருக்கிறது. துகள் அடியில் படியும் அல்லது வடிகட்டியில் சிக்கும். கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றி எல்லோருக்கும் பயம். கண்ணுக்குத் தெரியாத செம்பைப் பற்றி யாருக்கும் பயமில்லை. மேற்பரப்பில் நடக்கும் வினையிலும் இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. சூடான எஃகுக் குழாயில் எரிபொருள் ஓடும்போது ஆரம்பத்தில் சுவர் வினையை ஊக்குவிக்கும். கொஞ்ச நேரத்தில் படிவம் ஒன்று சுவரை மூடிவிடும். அதன்பின் எரிபொருள் தொடுவது படிவத்தை, உலோகத்தை அல்ல. குழாய்களுக்காகச் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பான்களும் எஃகின்மேல் மெல்லிய படலம் இட்டு இந்த வேலையையே முன்கூட்டிச் செய்கின்றன.

காலமும் வெப்பமும் இந்த ஒப்பீட்டில் எங்கே வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். சேமிப்புத் தொட்டியில் வெப்பம் குறைவு, காலம் அதிகம், மேலே காற்று இருப்பதால் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. ஹைட்ரோபெராக்சைடு தானாக உடையாத அந்தச் சூழலில் உலோகத்தின் கை ஓங்கியிருக்கும். விமான இன்ஜினில் நிலைமை தலைகீழ். அங்கே மசகு எண்ணெயின் சூட்டை வாங்கிக் குளிர்விக்கும் வேலையும் எரிபொருளுக்கு இருக்கிறது. எரிப்பான் முனையை நெருங்கும்போது நன்றாகச் சூடேறியிருக்கும். அந்தச் சூட்டில் ஹைட்ரோபெராக்சைடு உலோகத்தின் உதவியில்லாமலேயே உடையும். ஆனால் மூடிய குழாய்க்குள் புது ஆக்சிஜன் வராது. காற்றில் நிறைவுற்ற எரிபொருளில் கரைந்திருப்பது 60-70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60-70 பங்கு) மட்டுமே. அது தீர்ந்தால் ஆக்சிஜனேற்றமும் நிற்கும். எனவே சூடான பகுதியில் கரைந்த செம்பு செய்யும் வேலை, ஆக்சிஜனை முன்னதாகவே தீர்ப்பது. படிவம் கட்டும் இடம் குழாயில் முன்னுக்கு நகரும். நகர்ந்து வந்து விழும் இடம் வெப்பப் பரிமாற்றியாக இருந்தால் ஒரு விளைவு, மெல்லிய துளைகள் கொண்ட எரிப்பான் முனையாக இருந்தால் வேறு விளைவு.

இதோடு ஒட்டிய புதிர் ஒன்று. ஹைட்ரஜன் ஏற்றிக் கடுமையாகச் சுத்திகரித்த எரிபொருள் விரைவாக ஆக்சிஜனேற்றம் அடையும், ஆனால் குறைவாகவே படிவம் கட்டும். அவ்வளவு சுத்திகரிக்காதது மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறையப் படிவம் கட்டும். ஃபீனால்களும் கந்தகச் சேர்மங்களும் இயற்கைத் தடுப்பான்களாகச் சங்கிலியை அறுக்கின்றன. ஆனால் அப்படி அறுக்கும்போது அவையே படிவத்துக்கு மூலப்பொருளாகவும் ஆகின்றன. ஆகவே ‘ஆக்சிஜனேற்ற வேகம்’ என்ற ஒரே எண்ணை வைத்துச் செம்பையும் இரும்பையும் தரப்படுத்தும் கட்டுரைகளை நான் முழுதாக நம்புவதில்லை. எந்த எரிபொருளில் என்று கேட்காத விடை அரைகுறை விடைதான்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு அடிபட்டது பயோடீசல் வழியாக. பயோடீசல் ஹைட்ரோகார்பன் அல்ல, கொழுப்பமில எஸ்டர். ஆனாலும் சங்கிலி ஒன்றே. அதில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம் என்பதால் ஹைட்ரஜனை இன்னும் எளிதாக இழக்கும். 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. காட்டாமணக்கு நாற்றுகள் தமிழ்நாட்டுத் தரிசுகளிலும் நடப்பட்டன. இலக்கு எட்டப்படவில்லை, அது வேறு கதை. அந்த உற்சாகத்தின் நடுவே ஃபரிதாபாத்திலுள்ள இந்தியன் ஆயில் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரும்பு, நிக்கல், மாங்கனீசு, கோபால்ட், செம்பு ஆகியவற்றைக் காட்டாமணக்கு பயோடீசலில் தனித்தனியே சேர்த்து, 110 டிகிரியில் காற்றை ஊதி, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று அளந்தார்கள். மோசமாகக் கெடுத்தது செம்பு. அதைவிடச் சுவையான முடிவு இன்னொன்று: மிகக் குறைந்த அளவு உலோகம் செய்த கேட்டுக்கும் பல மடங்கு அதிக அளவு செய்த கேட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதியைக் குறைத்துவிட்டோம் என்று திருப்திப்பட இடமில்லை என்று இதற்குப் பொருள்.

அளவு கூடினாலும் கேடு கூடாததற்குச் செம்பின் இன்னொரு முகமும் காரணமாகலாம். இரண்டு மின்னேற்ற நிலையிலுள்ள செம்பு, ஆல்கைல் உறுப்புகளை மிக வேகமாக ஆக்சிஜனேற்றி அவற்றை முடித்துவிடும். வேதியியலாளர் ஜே கோச்சியின் ஆய்வுகள் இதை 1960களிலேயே காட்டின. அதாவது சங்கிலியைத் தொடங்குவதும் செம்பு, அளவு மிகுந்தால் சங்கிலியை அறுப்பதும் செம்பு. உலோகச் செறிவு ஓர் எல்லையைத் தாண்டினால் வினையூக்கி தடுப்பானாக மாறிவிடும் விசித்திரம் கோபால்ட்டிலும் மாங்கனீசிலும்கூடப் பதிவாகியிருக்கிறது. எரிபொருள் தொழிலுக்கு இதனால் பயன் இல்லை. தடுப்பானாக மாறும் அளவுக்கு உலோகத்தைக் கொட்டிய எரிபொருளை எந்த இன்ஜினும் ஏற்காது.

இனி மருந்து. 1920களிலும் 30களிலும் வெப்பத்தால் பிளந்து எடுத்த பெட்ரோல் சந்தையைப் பிடித்தது. அதில் இரட்டைப் பிணைப்புச் சேர்மங்கள் மிகுதி. சேமித்தால் பிசின் கட்டியது. நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மங்களைப் போக்கச் செப்புக் குளோரைடைப் பயன்படுத்திய ஆலைகள், தங்கள் கையாலேயே பெட்ரோலில் செம்பின் சுவடுகளை விட்டன. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைக் கலந்து பார்த்தார்கள். அவை பெராக்சி உறுப்புகளைப் பிடிக்கும். ஆனால் செம்பு உறுப்புகளை உற்பத்தி செய்துகொண்டே இருந்தால் தடுப்பான் விரைவில் தீர்ந்துபோகும். டியூபான்ட் நிறுவனத்தில் சார்லஸ் பெடர்சன் என்ற வேதியியலாளர், உற்பத்தி செய்பவனையே கட்டிப்போட வழி தேடினார். கொரியாவில் நார்வேத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். முனைவர் பட்டம் வாங்காதவர். சாலிசிலால்டிஹைடு இரண்டையும் புரோப்பேன் டையமீன் ஒன்றையும் சேர்த்து டியூபான்டில் எடுத்த சேர்மம் இன்றும் உலோகச் செயலடக்கியாகப் புழக்கத்தில் இருக்கிறது. உலோக அயனியைக் கரிமச் சேர்மத்தால் வளைத்துப் பிடிக்கும் அந்த நாட்டம் அவரை விடவில்லை. 1967இல் அவர் வெளியிட்ட கிரீடம் வடிவ ஈத்தர்களுக்கு 1987இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செம்புக்கு இந்தச் செயலடக்கி அளவெடுத்துத் தைத்த சட்டை. இரண்டு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் ஒரே தளத்தில் நான்கு பக்கமும் வந்து செம்பைப் பூட்டிவிடும். அந்த நான்கே செம்புக்குப் போதும் என்பதால், ஹைட்ரோபெராக்சைடு வந்து ஒட்ட இடம் இருக்காது. இரும்பும் கோபால்ட்டும் மாங்கனீசும் ஆறு பிணைப்புகளை விரும்புபவை. நான்கைப் பூட்டினாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வாசல்கள் திறந்தே கிடக்கும். இதே குடும்பத்து ஈனி கோபால்ட்டைப் பிடித்தால் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும் சேர்மம் கிடைக்கிறது என்று ஜப்பானில் சுமாகி 1938இலேயே காட்டினார். மாங்கனீசைப் பிடித்தால் மருந்துத் தொழிலில் பேர்போன ஜேக்கப்சன் வினையூக்கியின் அடிப்படை கிடைக்கிறது. செம்பை அடக்கும் அதே கை, மற்ற உலோகத்துக்கு ஊக்கம் கொடுக்கக்கூடும். எரிபொருளில் எந்த உலோகம் இருக்கிறது என்று அளக்காமல் செயலடக்கியை ஊற்றுவது வைத்தியம் ஆகாது.

அளக்கிறோமா? எரிபொருள் சோதனைகளில் ‘செப்புத் தகடு’ என்று புகழ்பெற்ற ஒன்று உண்டு. பளபளப்பாகத் தேய்த்த தகட்டை விமான எரிபொருளில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். எரிபொருளிலுள்ள கந்தகம் செம்பை என்ன செய்கிறது என்பதற்கான சோதனை அது. செம்பு எரிபொருளை என்ன செய்தது என்று அந்தத் தகடு சொல்லாது. வெப்பத் தாங்குதிறனுக்கு வேறு சோதனை: 260 டிகிரிக்குச் சூடாக்கிய அலுமினியக் குழாயின்மேல் எரிபொருளை இரண்டரை மணி நேரம் ஓட்டி, படிவத்தின் நிறத்தையும் வடிகட்டியின் அழுத்த வேறுபாட்டையும் பார்ப்பார்கள். இதில்தான் செயலடக்கியின்மேல் ஒரு சந்தேகம் கிளம்பியது. செயலடக்கி எரிபொருளிலுள்ள செம்பைப் பூட்டுவதோடு நிற்காமல் சோதனைக் குழாயின் பரப்பிலும் ஒட்டிக்கொண்டு, எரிபொருளைத் தேர்வில் ஜெயிக்க வைக்கிறதோ என்ற சந்தேகம். அதாவது விமானத்தில் கிடைக்காத நன்மை சோதனையில் தெரியக்கூடும். அவ்வளவு குறுகிய நேரத்துக்கும் அவ்வளவு சிறிய குழாய்க்கும் அந்த ஐயம் நியாயமானதே.

விமான எரிபொருள் தரவிதிகள் செயலடக்கியை முதல் முறை லிட்டருக்கு 2.0 மில்லிகிராம்வரையும், மொத்தத்தில் 5.7 மில்லிகிராம்வரையும் அனுமதிக்கின்றன. ஒரு மூலக்கூறு ஒரு செம்பைப் பூட்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் அளவு தாங்கக்கூடியது ஏறத்தாழ 550 பிபிபி செம்பு. தரைத் தொட்டியில் தற்செயலாகச் சேரும் சில பத்து பிபிபிக்கு அது தாராளம். செம்பு-நிக்கல் குழாயில் வாரக்கணக்கில் கிடந்து நூற்றுக்கணக்கில் ஏறியதற்குக் கிட்டத்தட்ட முழுதும் செலவாகிவிடும். குழாய் இன்னும் கரைந்துகொண்டிருக்கையில் மருந்து மட்டும் தீர்ந்துபோகும். இங்கே சிக்கனமான வழி குழாயை மாற்றுவதா மருந்தைக் கூட்டுவதா என்பது வேதியியல் கேள்வியாக இருப்பது பாதிதான். மறுபாதி கப்பல் கட்டும் செலவுக் கணக்கு. பயோடீசல் தொட்டிகளுக்கு அந்தக் குழப்பமும் இல்லை: செம்பு, பித்தளை, வெண்கலம் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகோ அலுமினியமோ போதும் என்று கையேடுகள் நேராகச் சொல்லிவிடுகின்றன. நம் வீடுகளில் இருந்த பித்தளை மண்ணெண்ணெய் ஸ்டவ்வை யாரும் இந்தக் கண்ணால் பார்த்ததில்லை. ஊற்றிய எண்ணெய் சில நாளில் எரிந்துவிடுமே, கெட நேரம் ஏது?

இரும்புக்கு இப்படி மில்லிகிராம் கணக்கு எதுவும் கிடையாது. அதற்கான வைத்தியம் தொட்டியின் உள்சுவரில் எபாக்ஸி பூச்சு, அரிப்புத் தடுப்பான், எல்லாவற்றுக்கும் மேலாகத் தினமும் அடிக்குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிப்பது. அந்தத் தண்ணீரோடு வரும் செம்பழுப்புக் கலங்கலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்த்தே தொட்டியின் நிலையை ஊழியர் சொல்லிவிடுவார். செம்புக்கு அப்படிச் சொல்ல வேண்டுமானால் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அணு உறிஞ்சல் கருவியில் அளந்தாக வேண்டும்.